பாக்குவெட்டியும் பித்தளைக் குழலும்

அக்கா பையன் லண்டனில் இருக்கிறான். போன வருஷம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையலறை மேசைமேல் நிமிர்ந்து நின்ற ஒரு பித்தளைக் குழல் கண்ணில் பட்டது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாணுக்கும் குறைவான உயரம். மேல்முனையில் கறுப்பாக ஓர் ஊதுவாய், அடியில் ஒரு பொத்தான். என்ன சாமான் என்று புரியவில்லை. "கையில எடுத்துப் பாருங்க மாமா" என்றான். எடுத்தேன். பார்வைக்குத் தெரிந்ததைவிடக் கனம். அந்தக் கனம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த விதம் எங்கேயோ பழகியதாக இருந்தது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

அது அவனுடைய வேப். இ-சிகரெட் என்று நாம் பத்திரிகையில் படிப்பதன் ஒரு வகை. அவன் வட்டாரத்தில் மெக் மாட், அதாவது மெக்கானிக்கல் மாட், என்கிறார்கள். நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் ஊதியவன் அதை விட்டு இதற்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. அந்த நாட்டு அரசு மருத்துவத் துறை, சிகரெட்டை விட நினைப்பவருக்கு வேப் உதவும் என்கிறது. புகைக்காதவர் இதைத் தொடவே வேண்டாம் என்றும் சொல்கிறது. நம் நாட்டில் சட்டம் வேறு. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வந்தது, அந்த டிசம்பரிலேயே அது முழுச் சட்டம் ஆனது. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது, சேமித்து வைப்பது எல்லாமே குற்றம். விற்றவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே மூன்று வாரம் மயிலாப்பூருக்கு வரும்போது அவன் அதை அங்கேயே வைத்துவிட்டு வருகிறான். அந்த மூன்று வாரமும் அவன் கை எதையோ தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாவிக்கொத்தை எடுப்பான், பேனா மூடியைத் திருகுவான், வைப்பான்.

கழற்றிக் காட்டச் சொன்னேன். நாலைந்து பாகம்தான். குழல், அடிப்பொத்தான், மேலே சுருள் இருக்கும் தலைப்பகுதி, ஊதுவாய், உள்ளே ஒரு லித்தியம் செல். செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்தப் பெயர். தலைப்பகுதியில் தடைக்கம்பியைச் சுருளாகச் சுற்றி, சுருளுக்குள் பஞ்சை நுழைத்து, நிக்கோட்டின் கலந்த கிளிசரின் திரவத்தைப் பஞ்சில் சொட்டுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் மின்சுற்று முழுமையாகிறது. குழலின் பித்தளைச் சுவரே மின்சாரத்தைக் கடத்துகிறது. சுருள் சிவக்கிறது, திரவம் ஆவியாகிறது. சிப் கிடையாது, திரை கிடையாது, கண்சிமிட்டுகிற விளக்கு கிடையாது. செல் தளர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஆவி மெலிசா வரும் மாமா. வாய்க்கே தெரியும்" என்றான்.

மூடியைத் திரும்பத் திருகினான். மறை வெட்டியிருந்த நேர்த்தியைச் சொல்ல வேண்டும். ஒரு கரகரப்பு இல்லை. வெண்ணெயில் திருகுவதுபோல் இறங்கி, கடைசிச் சுற்றில் தானாக நின்றது. நின்ற இடத்தில் குழலுக்கும் மூடிக்கும் நடுவே இருந்த கோடு மறைந்துபோனது. நான் அதை நாலு முறை கழற்றி மாட்டினேன். எனக்குப் புகைப் பழக்கமே கிடையாது. ஆனாலும் கை கீழே வைக்க விடவில்லை.

மெக்கானிக்கல் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்று கடை பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். முழுதாக ஏறிய செல்லில் 4.2 வோல்ட். சுருளின் தடை 0.5 ஓம் என்றால் ஓடுவது 8.4 ஆம்பியர், செல் தாங்கும். ஆவி நிறைய வரட்டும் என்று ஆசைப்பட்டுத் தடையை 0.1 ஓமுக்கு இறக்கினால் 42 ஆம்பியர். நல்ல செல்லே அத்தனை ஆம்பியரைத் தாங்காது. இந்தக் குழலில் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. சர்க்யூட் உள்ள கருவி தானாக அணைந்துகொள்ளும், இது அணையாது. சூடேறிய செல்லின் வாயு வெளியேறக் குழலில் சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. 2018-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இப்படியொரு கருவி வெடித்து ஒருவர் இறந்திருக்கிறார். "இதுல சேஃப்டி நாமதான் மாமா" என்றான். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மட்டும் படித்த ஓமின் விதியை அவன் பல் தேய்ப்பதுபோல் தினமும் செய்துகொண்டிருந்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சென்னைக்குத் திரும்பி, அடையாறு காந்தி நகர் வீட்டில் எழுதும் மேசையின் இழுப்பறையைத் திறந்தபோதுதான் கைக்கு ஞாபகம் வந்தது. ஆயாவின் பாக்குவெட்டி.

ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. பகல் சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்தபிறகு கூடத்துத் தூணில் சாய்ந்து காலை நீட்டுவாள். வலது பக்கம் வெற்றிலைச் செல்லம். அதற்குள் தனித்தனி அறைகளில் கொட்டைப்பாக்கு, கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, ஒரு துண்டுப் புகையிலை. இடது கையில் பாக்கு, வலது கையில் பாக்குவெட்டி.

அந்தப் பாக்குவெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு அங்குல நீளம். இரண்டு கை, ஒரு முனையில் இரண்டையும் கோத்த ஆணி. மேல்கை இரும்பு அலகு, கீழ்கை மழுங்கிய மேடை. பிடி இரண்டும் பித்தளை, நுனியில் கிளிமூக்கு மாதிரி ஒரு வளைவு. ஆணி இருக்கும் இடத்தில் கிளியின் கண். அலங்காரம் அவ்வளவே. கும்பகோணத்தில் வாங்கியது, தன் கல்யாணச் சீர் என்பாள். ஆணியில் துளி ஆட்டம் கிடையாது. பாக்கு வைக்காமல் மூடினால் அலகும் மேடையும் அடியிலிருந்து நுனிவரை ஒரே நேரத்தில் தொடும், இமை மூடுவதுபோல. தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலும் நடுவில் கீற்று தெரியாது. நல்ல பாக்குவெட்டிக்கு அதுதான் சோதனை. இரும்பை அடித்த கொல்லரும் பித்தளை வார்த்த கன்னாரும் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்கள் பெயரை எங்கும் பொறித்துவைக்கவும் இல்லை. அந்தப் பொருத்தம்தான் அவர்கள் போட்ட கையெழுத்து.

இதுவும் ஒரு கணக்குதான். ஆணியிலிருந்து ஓர் அங்குலத்தில் பாக்கு, ஐந்து அங்குலத்தில் விரல்கள். கை கொடுக்கும் விசை ஐந்து மடங்காகிப் பாக்கின்மேல் இறங்கும். பல் வைத்துக் கடித்தால் பல்தான் உடையும் என்கிற கொட்டைப்பாக்கு எழுபது வயதுக் கிழவியின் விரல் அழுத்தத்துக்குப் பணிந்துபோகும். முதல் வெட்டுக்கு ஒரு சத்தம், கொஞ்சம் முரட்டுத்தனமாக. பிறகு இடது கைவிரல்கள் பாதிப் பாக்கைச் சுழற்றிக்கொடுக்க, அலகு இழை இழையாகச் சீவும். அந்தச் சத்தம் வேறு. மழைத்துளி ஓலைமேல் விழுகிற மாதிரி. சீவல் சுருண்டு மடியில் விழும். ஒவ்வொரு சீவலிலும் வெள்ளையும் பழுப்புமாக நரம்போடிய கோலம் இருக்கும், வெட்ட வெட்ட மாறிக்கொண்டே போகும். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பத்து வயதில் அவள் அசந்த நேரம் எடுத்து ஒரு பாக்கை வெட்டப் போய்க் கட்டைவிரல் நுனியைச் சீவிக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. ரத்தத்தைப் பார்த்துப் பதறினாலும் ஆயா பாக்குவெட்டியை ஒளித்துவைக்கவில்லை. மறுநாள் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த விரல் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். "அது சொன்ன பேச்சு கேக்கும் கண்ணு. நீதான் சரியாச் சொல்லணும்." லண்டனில் அக்கா பையன் சொன்னதும் இதைத்தான்.

ஒரு கருவியின்மேல் கைக்கு ஆசை வருவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். அழுத்தினால் அழுத்திய அளவுக்குப் பதில் வர வேண்டும். தவறு செய்தால் தவறு நம்முடையது என்று தெரிய வேண்டும். கழற்றினால் கழல வேண்டும், பழுதானால் பக்கத்துத் தெருவில் சரிசெய்ய முடிய வேண்டும். மாட வீதிகளில் சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு வருபவரை ஆயா வாசலில் நிறுத்துவாள். அலகின் ஒரு பக்கம் மட்டும் தீட்ட வேண்டும், மறுபக்கம் தொடக் கூடாது என்று நின்று பார்த்து வாங்குவாள். அப்புறம் புளி போட்டுப் பித்தளையைத் தேய்ப்பாள். அக்கா பையன் தன் குழலைத் தக்காளி சாஸ் தடவித் துடைப்பதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இரண்டு நாடு, இரண்டு காலம், பித்தளைக்கு வேண்டியது அதே புளிப்பு. துடைத்த பித்தளை ஒரு வாரத்தில் மறுபடி கறுக்கும். பிடிக்கும் இடம் மட்டும் கறுக்காது, விரல் பட்டுப் பட்டு மின்னிக்கொண்டே இருக்கும். இன்னொருவர் கையில் கொடுத்தால் அந்த மினுக்கு அவர் விரலுக்குப் பொருந்தாது.

இனிக் கையை விட்டு வாய்க்கு வர வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் ஆயாவுக்கு நான் செய்யும் துரோகம்.

பாக்கில் அரிகோலின் என்னும் பொருள் இருக்கிறது. சோர்வைத் தட்டி எழுப்பி, உடம்பில் இளஞ்சூடு பரவச் செய்வது அதுதான். புகையிலையில் நிக்கோட்டின். இந்த இரண்டும் வாயின் சவ்வு வழியாகச் சட்டென்று உள்ளே போக வேண்டுமானால் காரத்தன்மை வேண்டும். அந்த வேலையைச் செய்வது சுண்ணாம்பு. இலையில் சுண்ணாம்பு தடவும் அந்த ஆட்காட்டி விரல், பெயர் தெரியாமலேயே வேதியியல் செய்துகொண்டிருந்தது. வேப் திரவத்தில் நிக்கோட்டினை எந்த வடிவில் கலந்தால் தொண்டையில் உறுத்தாமல் வேகமாக ஏறும் என்று இன்றைய கம்பெனிகள் பார்ப்பதும் இதே கணக்கு. நம் முன்னோர் அதை நாக்கால் கண்டுபிடித்தார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனுக்குக் கடைசியாகச் சோறு போட்டு, உண்டபின் கையில் கொடுப்பது வெற்றிலையும் பாக்கும்தான். அவ்வளவு பழைய உபசாரம். அவ்வளவு பழையது என்பதாலேயே அது கெடுதல் செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1986-ல் ஆயா ரசம் சாதத்தைக்கூடக் காரம் என்று ஒதுக்க ஆரம்பித்தாள். தயிரைப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உதட்டோரத்தில் நுழைத்துச் சாப்பிட்டாள். வயசாயிடுச்சு என்றாள், நாங்களும் அப்படியே நினைத்தோம். கொட்டாவி விடும்போது வாய் முழுதாகத் திறக்கவில்லை என்பதைக் கவனித்தது அம்மா. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் ஆயாவை வாயைத் திறக்கச் சொன்னார். "இன்னும்மா, இன்னும் கொஞ்சம்" என்றார். ஆயாவால் அதற்குமேல் முடியவில்லை. டாக்டர் தன் விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கி அவள் பற்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் நுழையவில்லை. கன்னத்தின் உட்பக்கம் தோல்வார்போல் இறுகி வெளுத்திருந்தது, ஓரத்தில் ஆறாத ஒரு புண். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய், தொடக்க நிலை.

அந்த இறுக்கத்துக்கு சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். வாயின் சவ்வுக்கு அடியில் நார் படர்ந்து கெட்டியாகி, வாய் மெல்ல மெல்லப் பூட்டிக்கொள்கிறது. 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார். பாக்குதான் இதற்குக் காரணம் என்பது பின்னால் உறுதியானது. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985-லேயே புகையிலை சேர்த்த வெற்றிலைப் பாக்கைப் புற்றுநோய் தருவது என்று அறிவித்திருந்தது. 2004-ல் வெளியான அதன் அறிக்கை, புகையிலை இல்லாவிட்டாலும் வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தரும், வெறும் பாக்கும் தரும் என்றது. புகையிலைதான் கெடுதல், பாக்கு சீரணத்துக்கு நல்லது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது உண்மை இல்லை.

அந்த மருத்துவமனையின் கதையை நம் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்வதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயில் இறந்தார். அந்தச் சாவை அவர் மறக்கவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் விடாமல் முயன்று 1954-ல் அடையாறில், 12 படுக்கையுடன், கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைத் திறந்தார். மறு ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் கண்மூடும்வரை அதை விட்டு நகரவில்லை. பணம் இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல் வைத்தியம் செய்த இடம். வேப் என்னும் கருவியின் கதையிலும் ஒரு சாவு இருக்கிறது. இன்றைய வடிவில் அதை 2003-ல் உருவாக்கிய சீன மருந்தாளுநர் ஹான் லிக், தானே கடுமையாகப் புகைத்தவர். நுரையீரல் புற்றுநோயில் தந்தையைப் பறிகொடுத்தவர். இரண்டு பேருக்கும் இழப்பு ஒன்று. ஒருவர் மருத்துவமனை கட்டினார், இன்னொருவர் கருவி செய்தார். கருவியைக் கண்டுபிடித்தவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருவி சிகரெட்டை விட நினைத்தவர் கையோடு நின்றுவிடவில்லை, சிகரெட்டைத் தொடாத பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் போய்விட்டது. நம் அரசு தடைக்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது அதுதான். எனக்கு அந்தத் தடை சரி என்றே படுகிறது.

கதிர் சிகிச்சை முடிந்து ஆயா வீட்டுக்கு வந்தாள். வெற்றிலை, பாக்கு, புகையிலை எதுவும் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் அன்றோடு விட்டாள். அப்படி ஒரே நாளில் விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த வாரம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்திலிருந்து அந்த மழைச் சத்தம் கேட்டது. அம்மா கை கழுவாமல் ஓடிவந்தாள். ஆயா தூணில் சாய்ந்தபடி பாக்கு சீவிக்கொண்டிருந்தாள். மடி நிறையச் சீவல். வாயில் ஒன்றும் இல்லை.

"இன்னா ஆயா இது?" என்றேன்.

"கை கேக்குதுடா கண்ணு."

தினமும் ஒரு பாக்கு. சீவி முடித்ததும் மடியை வாசலில் உதறிவிட்டு, பாக்குவெட்டியைத் துணியால் துடைத்துச் செல்லத்தில் வைப்பாள். அம்மா முதலில் பாக்கை ஒளித்துவைத்தாள், பிறகு தானே வாங்கிக்கொடுத்தாள். ஆயா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். ஒரு சீவல்கூட வாய்க்குப் போகவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

அந்த ஆறு வருஷத்தை நான் நிறைய யோசித்திருக்கிறேன். கையின் சுகம் வேறு, வாயின் சுகம் வேறு என்று அவள் எனக்குக் காட்டினாள். இரண்டும் ஒரே பழக்கமாக அறுபது வருஷம் பின்னிக் கிடந்தன. ஒன்றை அறுத்தபோது இன்னொன்று தனியாக உயிரோடு நின்றது. அது கெடுதல் இல்லாத சுகம். கொல்லர் கொடுத்த சுகம். ஆனால் இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும். அந்த அறுபது வருஷமும் வாய்க்கு விஷத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே அழகான பாக்குவெட்டிதான். அது அவ்வளவு நேர்த்தியாக இல்லாதிருந்தால், கிளிமூக்கும் இமைப் பொருத்தமும் இல்லாதிருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகான அந்த அரைமணி நேரத்துக்கு அவ்வளவு மரியாதை வந்திருக்காது. நல்ல வேலைப்பாடு தான் சுமப்பதற்கெல்லாம் கௌரவம் கொடுத்துவிடுகிறது. அக்கா பையனின் பித்தளைக் குழலிலும் எனக்கு இருக்கும் பயம் இதுதான். சிகரெட்டைவிடக் குறைந்த கெடுதல் என்று அவன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மறையின் வழவழப்பு அவனை நிக்கோட்டினிடமே உட்காரவைத்திருக்கிறது என்பதையும் அவன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. பாக்குவெட்டி நேரம் கேட்கும். ஒரு பாக்கைச் சீவி, இலையின் காம்பு கிள்ளி, நரம்பு கிழித்து, சுண்ணாம்பு தடவி மடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷம் ஒரு வேலி. பிளாஸ்டிக் பொட்டலத்தில் பான் மசாலா வந்தபோது அந்த வேலி போனது. பல்லால் கிழி, வாயில் கொட்டு, அடுத்தது. கருவியே வேண்டாம். இருபது வயதுப் பையன்களுக்கு வாய் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2013-ல் தமிழ்நாடு அரசு புகையிலை கலந்த குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. ஆனாலும் பெட்டிக்கடை மறைவில் அவை முற்றாக ஒழியவில்லை. வேப்பிலும் இதே கதை நடந்திருக்கிறது. சுருள் சுற்றி, பஞ்சு வைத்து, ஓம் கணக்குப் போட்டவர்கள் போய், ஊதித் தூக்கி எறியும் வண்ண பிளாஸ்டிக் குச்சிகள் வந்தன. குழந்தைகளைப் பிடித்தது அந்தக் குச்சிகள்தான். பிரிட்டனே 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து அவற்றின் விற்பனையை நிறுத்திவிட்டது.

ஆயா போனபிறகு வெற்றிலைச் செல்லத்தைத் தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு எவர்சில்வர் அடுக்கு வாங்கினார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. இன்றுவரை எனக்கு ஆறவில்லை. பாக்குவெட்டியையும் கொண்டுபோயிருக்கிறார்கள். இரும்பு கலந்தது, எடைக்கு எடுக்க மாட்டோம் என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்படித் தப்பித்து வந்ததுதான் என் இழுப்பறையில் இருக்கிறது. சுக்கு சீவ எடுப்பேன், கொப்பரை சீவ எடுப்பேன். ஒரு வேலையும் இல்லாத நாளில் சும்மா எடுத்துத் திறந்து மூடுவேன். ஆணியில் இன்னும் ஆட்டம் இல்லை. போன கோடையில் அக்கா பையன் வந்தபோது அவன் கையில் கொடுத்தேன். வெகுநேரம் கீழே வைக்காமல் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அந்த மூன்று வாரமும் அது அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. பழக்கத்தை விடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று, "மாமா, இத எனக்குக் குடுப்பீங்களா?" என்று அவன்தான் கேட்டான். முழுதாக விட்ட அன்றைக்கு வந்து வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

காலை நடையில் கேன்சர் இன்ஸ்டிட்யூட் வாசலைக் கடந்துதான் போவேன். விடிவதற்கு முன்பே வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், கையில் ஃபைலும் மருந்துப் பையுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் வாயைத் துண்டால் மூடியிருப்பார்கள்.

உங்கள் வீட்டில் பாக்கோ புகையிலையோ போடுகிறவர் யாராவது இருந்தால் இன்றைக்கே அவரை வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாகப் பற்களுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று விரலும் நுழைய வேண்டும். நுழையாவிட்டாலும், வாயில் இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தாலும், காரம் புதிதாக எரிந்தாலும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எங்கள் ஆயாவுக்கு நாங்கள் ஒரு வருஷம் முன்னாலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.